பொம்மை வயிற்றுக்குள் என்ன வைப்பது?

பொம்மையக்கா என்றுதான் தெருவில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று பக்கத்து வீட்டுக்காரரே திருப்பி அனுப்பிவிடுவார். மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் தையல் மெஷினும் துணி வெட்டும் மேஜையும். இன்னொன்றில் தரையிலிருந்து கூரை வரைக்கும் பஞ்சு மூட்டைகள். கூட வேலை பார்ப்பது அவளுடைய நாத்தனார். அக்கா வெட்டித் தைப்பாள், நாத்தனார் பஞ்சைத் திணித்து வாயை மூடுவாள். பொம்மையின் வாயைத்தான். தன் வாயை அவள் மூடியதே கிடையாது.

"நீங்க வெறும் தோலைத்தான் தைக்கறீங்க அண்ணி. உயிர் குடுக்கறது நான்தான்" என்பாள்.

"உயிர் குடுக்கறவளே, அந்த முயலுக்கு ஒரு காது உள்ள போயிருக்கு பாரு. முதல்ல அதை வெளிய எடு" என்பாள் அக்கா.

அன்று காலை இருவரும் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் படியேறி வந்தாள். மிருகக்காட்சிசாலை டாக்டர் என்று சொல்லிக்கொண்டாள். குழந்தைக்குப் பரிசு வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நாத்தனார் அலமாரியைத் திறக்கப் போனாள். டாக்டர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கரடிப் பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வயிறு கிழிந்து, பாதிப் பஞ்சு போய், தொளதொளவென்று கிடந்தது.

"இது நீங்க செஞ்சதா?"

காதோரத் தையலைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "ஆமா, எங்களோடதுதான். என்ன ஆச்சு?"

டாக்டர் ஒரு சின்ன டப்பாவையும் எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே கட்டைவிரல் பருமனில் அழுக்கு நிறத்தில் ஏதோ சுருண்டு கிடந்தது. அக்கா அதை உற்றுப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று மூட்டையில் வந்து இறங்குகிற அதே பாலியஸ்டர் பஞ்சு.

"ஒரு குரங்குக்குட்டியோட வயித்துக்குள்ள இருந்து எடுத்தேன்."

டாக்டர் நிதானமாகச் சொன்னாள். தாய்க் குரங்கு மின்கம்பியில் அடிபட்டுச் செத்துப்போனது. மார்பைப் பிடித்தபடி கிடந்த குட்டியை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். குரங்குக்குட்டிக்குப் பால் மட்டும் போதாது. எதையாவது கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடித்த பாலும் உடம்பில் ஒட்டாது. அதனால் கடையில் இந்தக் கரடியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். குட்டியும் ஆசையாகத்தான் கட்டிக்கொண்டது. பிறகு தையலைக் கடித்துப் பிரித்து, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விழுங்கிவிட்டது.

"உயிரோட இருக்கா?" நாத்தனார்தான் கேட்டாள்.

"இருக்கான். நான் சண்டை போட வரலைங்க. குழந்தைங்களுக்குச் செஞ்சதைக் குரங்குகிட்ட குடுத்தது என் தப்பு. எனக்கு வேற ஒண்ணு வேணும். பிச்சாலும் உள்ள இருந்து ஒண்ணும் வரக்கூடாது. அப்படியே வந்தாலும் முழுங்க முடியக்கூடாது. அடிக்கடி கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கணும், சீக்கிரம் காயணும். ஆனா கட்டிப்பிடிச்சா அம்மா மாதிரி இருக்கணும். முடியுமா?"

"அதுக்குக் கல்லுலதான் செதுக்கணும்" என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

"முடியும்" என்றாள் அக்கா. எப்படி என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"ஏன் டாக்டர், யாராவது ஒருத்தர் தூக்கி வச்சுக்கக் கூடாதா?" நாத்தனார் விடவில்லை.

"வச்சுக்கலாம். அப்புறம் அவன் மனுஷனாயிடுவான். குரங்குக் கூட்டம் அவனைச் சேர்த்துக்காது. காலம் பூரா தனிக் கூண்டுதான்."

டாக்டர் போன பிறகு அக்கா அந்தக் கரடியைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை மூட்டைப் பஞ்சைத் திணித்து அனுப்பியிருப்பாள்! கண் எப்படி இருக்கிறது, மூக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள். உள்ளே போவது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைத்ததும் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்ட அவள் வீட்டுக்காரர், "வீட்ல நான் ஒரு குரங்கு இருக்கறது உனக்குப் போதலையா?" என்றார்.

"நீங்க பஞ்சு திங்கறதில்லையே" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அண்ணியும் நாத்தனாரும் கிளம்பி மிருகக்காட்சிசாலைக்குப் போனார்கள். பார்வையாளர்கள் வராத பின்பக்கம், வரிசையாகக் கம்பிவலை போட்ட அறைகள். குரங்குகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் கீப்பர் என்றே கூப்பிட்டார்கள். அதிகம் பேசாத மனிதர். கூண்டின் மூலையில், சுருட்டிய துண்டு ஒன்றைப் பிடித்தபடி ஒரு உள்ளங்கை அளவு உயிர் உட்கார்ந்திருந்தது. முகம் பூராவும் கண். வயிற்றில் தையல் போட்ட தடம்.

"பேர் எதுவும் வைக்கலைம்மா. நான்தான் சுண்டுன்னு கூப்பிடுவேன்" என்றார் கீப்பர்.

அக்கா கொண்டுவந்திருந்த இன்னொரு பொம்மையைக் கீப்பர் தன் கண்முன்னாலேயே உள்ளே வைத்துப் பார்த்தார். சுண்டு தவழ்ந்து வந்து அதன் காலைப் பற்றி இழுத்தான். பொம்மைக்கு என்ன எடை இருக்கிறது? இழுத்த இழுப்பில் எகிறி வந்து அவன் மூஞ்சியிலேயே விழுந்தது. கீச்சென்று கத்திக்கொண்டு துண்டுக்கே ஓடிவிட்டான். கொஞ்சம் கழித்து மறுபடி வந்து, இந்த முறை பொம்மையின் மார்பில் முகத்தைப் புதைத்து முட்டினான். நடுத்தையல் அவன் வாயில் பட்டது. அதையே பிடித்துச் சப்பினான், பிறகு கடித்தான். கீப்பர் உடனே பொம்மையை எடுத்துவிட்டார்.

"பசிச்சுத் திங்கலை, பால் தேடறான்" என்றாள் அக்கா மெல்ல. "தையல் சரியா மார்ல இருக்கு. இன்னொண்ணு பாத்தீங்களா? இழுத்தா அம்மா வரமாட்டா. இவன்தான் அம்மாகிட்ட போகணும். எங்க பொம்மை காத்து மாதிரி இருக்கு, இழுத்த பக்கம் வருது."

கீப்பர் தலையாட்டினார். "நான் உட்கார்ந்தா என் காலை உடும்புப் பிடியா பிடிச்சுக்குவான். நகர மாட்டேன்ல, அதான்."

பக்கத்து அறையில் ஒரு வயதான பெண்குரங்கு தன்பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீப்பர் வைத்த பெயர் பெரியம்மா. கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் தனியாக இருக்கிறது என்றார். "பெரியம்மாகிட்ட குட்டியைக் காட்டிப் பார்த்தோம். திரும்பிக்கூடப் பார்க்கலை."

திரும்பி வந்ததும் அக்கா பஞ்சு அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துப்போட, அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"பருத்திப் பஞ்சு?"

"நனைஞ்சா கட்டியாயிடும். உள்ள காயவே காயாது. பாலும் மூத்திரமும் சேர்ந்து நாறிப்போகும்."

"இலவம் பஞ்சு?"

"ஒரு ஓட்டை விழுந்தாப் போதும், பறந்து அவன் மூக்குல ஏறும்."

"பிளாஸ்டிக் மணி? கனமா இருக்கும்."

"கொட்டினா ஒண்ணொண்ணா பொறுக்கி வாய்ல போட்டுக்குவான்."

"அரிசி, கோதுமை?"

"ஊறி, முளைச்சு, புழு வச்சு... ஏய், நீ வேணும்னே கேக்கறே."

"பின்ன? இருக்கறதையெல்லாம் வேண்டாம்னா நான் என்னத்தைத் திணிக்கறது, என் தலையையா?"

முதல் பொம்மைக்கு ஒரு கம்பளியை முழுசாக இறுக்கிச் சுருட்டி, மேலே ரோமத்துணி போர்த்தி, தையலை முதுகுப் பக்கம் தள்ளித் தைத்தாள். உதிர எதுவும் இல்லை. அடியில் எடைக்காக, வழவழப்பான ஆற்றுக்கற்கள், எந்தக் குரங்கின் வாயிலும் நுழையாத அளவுக்குப் பெரியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கெட்டிக் கேன்வாஸில் பை தைத்து வைத்தாள். டாக்டருக்குக் கற்கள் பிடித்திருந்தன. சுண்டுவுக்குப் பொம்மை பிடிக்கவில்லை. இழுத்தான், அது அசையவில்லை. அதுவரைக்கும் சரி. ஏறிக் கட்டிப்பிடிக்கப் பார்த்தால் விரல் எங்கேயும் பதியவில்லை. உலக்கையைக் கட்டிக்கொண்ட மாதிரி வழுக்கி வழுக்கி விழுந்தான்.

இரண்டாவதுக்கு ஒரே துண்டாக வெட்டிய ஃபோம் வைத்தாள். தூள் இல்லை, துணுக்கு இல்லை, மெத்தைக்குள் இருக்கிற மாதிரி கெட்டியான ஒரே பாளம். சுண்டு அதன்மேல் ஏறினான், முகத்தைப் புதைத்தான், விரல்களை ஊன்றினான், அப்படியே தூங்கிப்போனான். கீப்பர் முதல்முறையாகச் சிரித்ததை அன்றுதான் அக்கா பார்த்தாள். நாத்தனார் வீடு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் டாக்டர் போனில் கூப்பிட்டாள். ரோமத்துணியைக் கிள்ளிக் கிள்ளி ஒரு ஓட்டை போட்டு, ஃபோமைக் கடித்துத் துணுக்கு துணுக்காக எடுத்திருந்தான். நல்லவேளை, விழுங்குவதற்குள் கீப்பர் பார்த்துவிட்டார். பொம்மையைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

"அவன் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. குடுக்கறதும் பிடுங்கறதுமா இருந்தா, ரெண்டு தடவை அம்மாவைப் பறிகொடுத்த மாதிரிதான். இன்னொரு தடவை பாக்கலாம். அதுவும் சரியா வரலைன்னா விட்டுடலாம், என்ன?"

அக்கா "சரி" என்று போனை வைத்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"விட்டுடலாமா அண்ணி? நம்மால ஆனதைப் பாத்தாச்சு."

"அந்த டப்பாவைப் பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்ப கேக்காதே."

அதற்குமேல் நாத்தனார் கேட்கவில்லை. ஆனால் சும்மா உட்காரவும் அவளால் முடியாது. திணித்துப் பார்க்கலாம் என்று கிழித்துப்போட்ட பழைய பருத்திப் போர்வையின் பட்டைகள் தரையில் கிடந்தன. மூன்றை எடுத்து மெஷின் காலில் கட்டிக்கொண்டு, சடை பின்னுவதுபோலப் பின்ன ஆரம்பித்தாள். பட்டை தீர்ந்தால் இன்னொன்றை இணைத்தாள். வாய் அதுபாட்டுக்கு டாக்டரையும் குரங்கையும் திட்டிக்கொண்டிருந்தது. பின்னல் மணிக்கட்டுப் பருமனில் நீண்டு, அக்காவின் கால்மாட்டில் வந்து குவிந்தது.

அக்கா எரிச்சலோடு அதைத் தள்ளப் போனவள், கையை எடுக்கவில்லை. அழுத்திப் பார்த்தாள். அமுங்கியது. விரல்கள் பின்னலின் பள்ளங்களில் தானாகப் போய் உட்கார்ந்தன. இழுத்துப் பார்த்தாள். இழைகூட வரவில்லை.

"ஏய்! இன்னும் பின்னு."

"எதுக்கு?"

"பின்னுன்னா பின்னேன்டி! நிறுத்தாதே!"

வாளியில் போட்டு நனைத்துப் பிழிந்து வெயிலில் தொங்கவிட்டார்கள். பின்னலுக்கு இடையில் காற்று போனது. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. அந்தப் பின்னலைச் சுருட்டி அடைத்து, முழுசாக ஒரு பொம்மை தைத்தார்கள். இந்த முறை அக்கா நேராக மிருகக்காட்சிசாலைக்கு ஓடவில்லை. கீழ்வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. பல் முளைக்கிற வயசு. அந்தக் கட்டடத்தில் அது தின்னாத செருப்பு இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு, பொம்மையை அதன் முன்னால் போட்டுவிட்டு இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

நாய்க்குட்டி ரோமத்துணியை ஒரு வழி பண்ணிவிட்டது. ஆனால் உள்ளே இருந்ததைக் கடித்து எடுக்க முடியவில்லை. உறுமியது, உதறியது, காலால் மிதித்துக்கொண்டு இழுத்தது. பின்னல் கட்டவிழ்ந்து நீளமாக வெளியே வந்தது.

"பாத்தீங்களா, ஒரு துணுக்குகூட வரலை!" நாத்தனார் கைதட்டினாள்.

தட்டி முடிப்பதற்குள் நாய்க்குட்டி வீலென்று கத்தியது. இழுத்த இழுப்பில் பின்னல் அதன் காலைச் சுற்றி இறுகியிருந்தது. அக்கா பாய்ந்து போய் விடுவித்தாள். நாய்க்குட்டி காலை நக்கிக்கொண்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா பின்னலை வெடுக்கென்று சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தக் காலின் இடத்தில் அவளுக்குச் சுண்டுவின் கழுத்து தெரிந்தது.

"அண்ணி... நான் நினைச்சே பாக்கலை."

"நானும்தான். நாய் நினைச்சுது. வா மேல."

அக்கா பின்னலைச் சங்குபோல் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு தடித்த நூலால் கோத்து, ஊசியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, மறுபடி குத்தி எடுத்தாள். மெஷினில் ஆகாத வேலை. கட்டைவிரல் தோல் உரிந்தது. நாத்தனார் துணி சுற்றிவிட்டாள், அதோடு தைத்தாள். தலை ஒரு உருண்டை, உடம்பு ஒரு உருண்டை, கை கால் நாலு. எங்கே பிடித்து இழுத்தாலும் ஒரு விரல் நுழைகிற வளையம்கூட உருவாகக் கூடாது. இருவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். குறடு போட்டு இழுத்தார்கள். நாத்தனார் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்புப் பத்தலை" என்றாள். மறுபடி நாய்க்குட்டியிடம் போட்டார்கள். அது கடித்துக் களைத்து, கடைசியில் அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டது.

பிறகு கொதிநீரில் போட்டெடுத்து, புது ரோமத்துணி போர்த்தி, இடுப்பில் கற்களை வைத்து, மார்புப் பக்கம் ஒரு தையல்கூட வராமல் முதுகில் மூடினாள்.

டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பிசைந்து, முறுக்கி, தூக்கிப் பார்த்துவிட்டுக் கீப்பரிடம் நீட்டினாள். கீப்பர் கூண்டுக்குள் உட்கார வைத்தார். சுண்டு துண்டைவிட்டு நகரவில்லை. பொம்மையைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிடுங்கியது மறக்கவில்லை போலும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் கால் மரத்துப்போனது. ஆனால் நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டாள்.

அப்போது நடைபாதையில் யாரோ இரும்பு வாளியைத் தவறவிட்டார்கள். டமாரென்று சத்தம். சுண்டு கீச்சிட்டுக்கொண்டு ஒரே தாவலாகத் தாவி, பொம்மையின் மார்பில் போய் ஒட்டிக்கொண்டான். விரல்கள் ரோமத்துக்குள் போய், அதற்கடியில் இருந்த பின்னலைப் பற்றின. பொம்மை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு அடங்கியது. முகத்தை அதன் கழுத்தோரம் வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் இவர்களைப் பார்த்தான்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "தூசி" என்றாள்.

அன்றிலிருந்து சுண்டு தேறினான். துவைக்கும்போது மாற்ற வேண்டுமே என்று, அக்கா அதேபோல இன்னொன்றும் செய்து கொடுத்தாள். துணி கிழிந்தால் துணியை மட்டும் மாற்றினாள். உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது.

ஆனால் பெரியம்மா விஷயம் யாரும் நினைக்காதது. வெயிலுக்காகப் பொம்மையைக் கம்பிவலை ஓரமாக வைத்திருந்தார் கீப்பர். அதுவரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டே இருந்த பெரியம்மா, ஒருநாள் நகர்ந்து நகர்ந்து வந்து, வலைக்குள் விரலை விட்டுப் பொம்மையின் ரோமத்தை விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தது. குட்டியைச் சீண்டவில்லை, பொம்மைக்குத்தான் பேன் பார்த்தது. அடுத்தடுத்த நாட்களிலும் வந்து உட்கார்ந்தது. கீப்பர் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் யோசித்து, அக்காவையும் நாத்தனாரையும் ஆள் அனுப்பி வரவழைத்து, இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்துவிட்டார்கள்.

பெரியம்மா உள்ளே வந்தது. நேராகப் பொம்மையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டது. கூடவே சுண்டுவும் வந்தான், விட்டால்தானே! கனம் தாங்காமல் பெரியம்மா உட்கார்ந்துவிட்டது. பொம்மைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே சுண்டு மாட்டிக்கொண்டு முண்டினான். கீப்பர் தடியோடு தயாராக நின்றார். டாக்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அக்கா வலைக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பெரியம்மா குனிந்து, பொம்மையின் தலையில் பேன் பார்த்தது. பிறகு அதை ஒட்டி இருந்த தலையிலும் பார்த்தது. பொம்மைத் தலையில் ஒன்றும் கிடைக்கவில்லை. சுண்டுவின் தலையில் ஏதோ கிடைத்திருக்க வேண்டும். எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி அங்கேயே தேடியது. சுண்டு தலையைத் திருப்பி அதன் முகத்தைப் பார்த்தான். ஒரு கை பொம்மையை விட்டது. வெகுநேரம் கழித்து இன்னொரு கையும் விட்டது. பொம்மை பெரியம்மாவின் மடியிலிருந்து நழுவித் தொப்பென்று தரையில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"அடப் பாவி! எவ்வளவு பாடுபட்டு செஞ்சோம்!" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்காவுக்கும் ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு அந்த இரண்டும் கம்பிவலையின் மூலையில் போய் ஒன்றாக உட்கார்ந்ததைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோனது. சாயங்காலம் கூண்டைக் கழுவும்போது, கீப்பர் பொம்மையை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மாவோடு சுண்டு உள்ளே தூங்குகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடிக்கு வந்ததும் அக்கா விளக்கைப் போட்டு, பொம்மையை மேஜைமேல் கவிழ்த்து, முதுகுத் தையலைப் பிரித்தாள்.

"இப்ப எதுக்கு அண்ணி அதை அறுக்கறீங்க? வேலைதான் முடிஞ்சிடுச்சே?"

அக்கா பின்னல் உருண்டையின் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"துவைச்ச ஈரம் நடுவுல இன்னும் இருக்கு. இவ்வளவு இறுக்கிப் பின்னியிருக்கக் கூடாது" என்றாள். "அந்தப் பழைய போர்வையை எடு. அடுத்த குட்டிக்குக் கொஞ்சம் தளர்த்திப் பின்னிப் பாப்போம்."